படித்தேன் என்று ஒரு கைநாட்டு

முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, தாம்பரம் சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கிங் பார்ப்பவர் தபீதாள் அக்கா. எதிர் மேசையில் நான். இருவருக்கும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. காலையில் முதல் சட்டையைத் தொடுமுன் அக்கா கண்ணை மூடி, "கர்த்தாவே, இன்னைக்கு என் கண்ணுக்கு எதுவும் தப்பக் கூடாது" என்பார்.

எழுத்து அச்சிட்ட சட்டையைத் தலைகீழாக வைத்துத்தான் பார்ப்போம். நேராக வைத்தால் கண் எழுத்தின் பின்னால் போய்விடும், மை கசிந்தது தெரியாது என்று சேர்ந்த நாளிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் கையெழுத்திட்ட மாதிரிச் சட்டை சுவரில் தொங்கும். அதைப் போலவே இருந்தால் கழுத்துப் பட்டைக்குள் நம்பர் முத்திரை குத்துவோம். அக்காவின் நம்பர் இருபத்தேழு.

போன ஜூலையில் சின்னப் பிள்ளைகளுக்கான மஞ்சள் சட்டை ஒன்று அக்காவின் நம்பரோடு அப்படித்தான் போனது. அதை ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு மாட்டி விளம்பரம் போட்டிருக்கிறார்கள். பார்த்த ஜனங்கள் கொதித்துப்போய்க் கடை வாசலில் நின்றுவிட்டார்களாம். சூப்பர்வைசர் சத்யபிரியா போனில் படத்தைக் காட்டினாள்.

"இங்கிலீஷ்ல இன்னா எழுதிக்கீது தெரியுமாக்கா? 'நல்லாக் கழுவுனா நானும் வெள்ளையாயிடுவேன்'னு."

கல்யாணமான புதிதில் நாத்தனார் கடலைமாவைக் கையில் கொடுத்து, நல்லாத் தேய்த்துக் குளித்துவிட்டு போட்டோவுக்கு வா என்று சொன்னதை அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சிரிச்சிகினு நிக்குது பாரு. அதுக்கும் படிக்கத் தெரியாத வயசு."

மறுநாள் அக்காவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்த அதிகாரி ஜெபகுமார் எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிற தம்பிதான். கடைக்காரர்கள் விளக்கம் கேட்கிறார்களாம். கொடுக்காவிட்டால் ஆர்டர் நின்றுவிடுமாம், எங்கள் வரிசையின் நாற்பது பெண்களுக்கும் வேலை இருக்காதாம். ஒரு தாளை நீட்டினான். அக்கா கேட்டதால் தமிழில் சொன்னான்: சட்டையிலிருந்த வாசகத்தைப் படித்தேன், தப்பென்று மேலே சொல்லாமல் விட்டது என் பிழை.

"இத யோசிச்சவங்க, படம் புடிச்சவங்க, மாதிரி சட்டைய ஓகே பண்ணவங்க, அவங்கள்லாம் எந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாங்க தம்பி?" என்று கேட்டார் அக்கா.

ஜெபகுமார் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இந்த ஒரு தாள்தான்க்கா என்கிட்ட குடுத்தாங்க."

என் நம்பர் இருப்பது நிஜம், படித்தேன் என்பது பொய், அதைத் தேவனுக்கு முன்னால் எப்படிச் சொல்வேன் என்றார் அக்கா. கண்ணாடிக்கு வெளியே எங்கள் வரிசைப் பெண்கள் தண்ணீர் பிடிக்க வருவதுபோல வந்து வந்து பார்த்துப் போனார்கள். ஏழு மாத வயிற்றோடு பியூலா மட்டும் போகாமல் நின்றாள்.

அக்கா கையெழுத்துப் போட்டார். கீழே தமிழில், 'எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது' என்று எழுதினார். ஜெபகுமார் அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் வைத்தான். மறுபடியும் அதே வரி. மூன்றாவது தாளை வைத்தபோது பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மை டப்பாவைத் திறந்தான்.

"கைநாட்டு வைங்கக்கா. போதும்."

அக்கா பியூலாவைப் பார்த்தார். வைத்தார்.

படித்தேன் என்று சொல்லும் தாளின் அடியில் ஒரு கைநாட்டு. மேலே யாராவது உற்றுப் பார்த்துக் கேட்பார்கள் என்று வாரக்கணக்கில் ஜெபித்தேன். யாரும் கேட்கவில்லை. கடைக்காரர்கள் மன்னிப்பு வெளியிட்டார்கள். தொலைவிலுள்ள தொழிற்சாலையில் நேர்ந்த கவனக்குறைவு என்று அதில் இருந்ததாம்.

ஆர்டர் நிற்கவில்லை. புது எழுத்தோடு நீலச் சட்டை வந்தது. என்ன அர்த்தம் என்று அக்கா கேட்டார். சத்யபிரியாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆபீசில் கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் உங்களுக்கு எதற்கு, சட்டை பீஸ் தேங்குது என்று பதில் வந்தது.

மேசையில் அடுத்த சட்டை வந்து விழுந்தது, அதற்கடுத்ததும் விழுந்தது. அக்கா முதல் சட்டையில் முத்திரை குத்தாமல், கீழேயும் வைக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.