பற்றரியிலிருந்து வந்த நாற்றம்

கல்குடாவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் என் வான் வண்டியில், உள்விளக்குக்கும் மின்விசிறிக்குமான பற்றரி அடிக்கடி இறங்கிப்போனது. அதைக் கழற்றி, வீட்டுக்குள் பூட்டிய அறையில் பகல் முழுக்கச் சார்ஜில் போட்டேன். மீட்டரில் வோல்ட் ஏறவேயில்லை. பற்றரிதான் சூடாகி வீங்கியது.

மாலையில் அழுகிய முட்டை நாற்றம் வீடெங்கும் பரவியது.

"எலி செத்துக் கிடக்கு போல" என்ற என் மனைவி, சாம்பிராணி போட நெருப்புப்பெட்டியை எடுத்தாள்.

அந்நேரம் இடுப்பில் கட்டும் சாரம் விற்க வாசலுக்கு வந்த காத்தான்குடிக்காரர் மூக்கைச் சுளித்துக் கத்தினார்.

"தங்கச்சி, நெருப்புப் பத்த வைக்காதீங்க! இது பற்றரி வாயு, வெடிச்சிரும்! வெளிய வாங்க!"

கட்டார் நாட்டில் பற்றரிக் கடையில் வேலை செய்தவராம். வெளிச்சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அவரே அணைத்தார்.

அவர் போனபின் மனைவி வெகுநேரம் அழுதாள். நாற்றம் பற்றரியிலிருந்துதான் வருகிறதென்று எனக்கு முன்பே தெரியும். வீட்டுக்குள் சார்ஜில் போட்டதற்கு ஏசுவாளென்று பயந்து வாய் திறக்கவில்லை. அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.