டெல்லி ரொம்ப தூரமுங்க

அக்காவின் கல்யாண ஓலையை மூன்றாவது ஞாயிறும் வாசித்து முடித்த சாமியார், "தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். மாரண்டஹள்ளிப் பக்கத்து எங்கள் மாதா கோயிலில் அதற்கு யாரும் எழுந்ததில்லை. அன்று என் அம்மா எழுந்தார்.

"எனக்கு ஒரு தடை இருக்குதுங்க சாமி."

மாப்பிள்ளைக்கு வேறு குடும்பம் இருக்கிறதோ என்று பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். "என்னம்மா?" என்றார் சாமியார்.

"டெல்லி ரொம்ப தூரமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்துவிட்டு, "தூரமெல்லாம் தடை இல்லம்மா, உக்காரு" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா பூசை முடியும்வரை உட்காரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாப்பிள்ளை டெல்லியில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவர். விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று விமானம் பார்த்தவர். அந்த யோக்கியதையில்தான் கோயில் வாசலில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பெங்களூர்ல பிளேன் ஏறுனா ரெண்டரை மணி நேரத்துல டெல்லி. நம்ம பஸ்ஸு பாலக்கோட்டுல நின்னு டீ குடிச்சு தருமபுரி போறதுக்கும் அதே நேரந்தான். பொண்ண தருமபுரிக்குன்னா குடுக்க மாட்டியா?"

"நீங்க ஏறியிருக்கீங்களா மாமா?"

"நான் எதுக்கு ஏறணும்? ஏறுறவங்க ஏறுறாங்க. நீ களி கிண்டி எறக்கறதுக்குள்ள பொண்ணு வூட்டுல வந்து நிப்பா, பாரு."

மறுபடியும் சிரிப்பு. இந்தக் கணக்கில்தான் என் அக்காவைக் கொடுத்தோம். ஆயிரம் மைலுக்கு மேல் இருக்கிற ஊர், ஒருவரும் ஏறாத விமானத்தின் புண்ணியத்தில் தருமபுரி ஆகிவிட்டது. டிக்கெட் என்ன விலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குமாஸ்தா சம்பளத்தில் விமானம் ஏற முடியுமா என்று யோசிக்கப் படிப்பு வேண்டியதில்லை. அக்கா போனது மொரப்பூரில் ரயில் ஏறி, மெட்ராஸில் இன்னொரு ரயில் மாறி. மூன்றாம் நாள் போய் இறங்கினாள்.

தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டிய மாதத்தில், ரயில் குலுக்கல் ஆகாது என்று டெல்லி டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப பிளேன்ல கூட்டியாங்க" என்றார் அம்மா. அப்பா அன்றுதான் விலை விசாரித்தார். வந்து படுத்துக்கொண்டார். அம்மா அவரை எழுப்பி, ரயிலில் இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து, இறந்து, அடக்கமும் ஆகியிருந்தது. வலியில் அக்கா தமிழில் கத்தியது அங்கே ஒருத்திக்கும் புரியவில்லையாம்.

"கடவுள் சித்தம்" என்றார் பெரியப்பா. கடவுளா தக்காளி வண்டியில் போய் விமானம் பார்த்துவிட்டு வந்தார்? அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் சாவுக்குப் போனேன், மண் போடவில்லை.

அதன்பிறகு அம்மா உயிரோடு இருந்தவரை அக்கா வந்தது இரண்டோ மூன்றோ முறை. வந்தாலும் சம்பந்தம் பேசியவர்களைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் வேலை இருந்தால் காலையில் டெல்லி போய் ராத்திரி திரும்புகிறான். போன மாதம் அத்தையைப் போய்ப் பார்த்து, "நான் டிக்கெட் போடறேன் அத்தை, என்கூடவே வாங்க. ரெண்டு மணி நேரம் சொச்சந்தான்" என்று கூப்பிட்டிருக்கிறான்.

"எங்கம்மா இல்லாத ஊருக்கு அவ்வளவு வேகமா வந்து என்னடா பண்றது?" என்றாளாம்.