மேலோடு நிற்கட்டும் என்று மட்டும் கேட்டேன்

நம் பங்கு மக்களே, என் முகத்தைக் கண்டாலே உங்களுக்குச் சிரிப்பு வரும். இன்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தவக்காலத்தில் எனக்கு மலத்தோடு இரத்தம் போனது. மூலம் என்று சொல்லிக்கொண்டேன். என் அண்ணனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைப் புதைத்து இரண்டு வருடம்.

அண்ணிதான் என்னைச் சேலத்துக்கு இழுத்துப் போனார். பெருங்குடலில் சின்னக் கட்டி. சதையைச் சோதித்ததில் புற்று.

"ஆரம்பந்தான்னு தோணுதுங்க. ஆனா எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு பாக்கணும். மேலாப்புல இருந்தா குழாய் வழியாவே எடுத்துரலாம். எறங்கியிருந்தா வயித்தக் கிழிக்கணும்," என்றார் டாக்டர்.

அதற்குத் தனி கேமரா. குடல் கழுவிவிட்டதுபோல் இருக்க வேண்டும். முந்தின நாள் தண்ணி ஆகாரம் மட்டும். நான் இரண்டு சொம்பு ராகிக் கூழ் குடித்தேன். தண்ணியாகத்தானே கரைத்திருந்தது! மறுநாள் திரை முழுக்க ராகித் திப்பி. ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்.

"கூழு குடிக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவீங்க தம்பி? ஊரெல்லாம் வாயடிக்கறீங்க, அங்க மட்டும் வாயில்ல!" என்று அண்ணி திட்டினார்.

அந்த ஒரு வாரம் நான் உயிரோடே செத்தேன். என் அடக்கப் பூசைக்கு என்ன பாட்டு என்றுகூட எழுதிவைத்தேன். நம் பாடகர் குழுவின் சுருதியை நினைத்து, எழுதியதை அடித்துவிட்டேன். 'குணமாக்கும் ஆண்டவரே' என்று கேட்க வாய் வரவில்லை. அண்ணனுக்கும் அதைத்தானே கேட்டோம்? மேலோடு நிற்கட்டும் என்று மட்டும் கேட்டேன். பக்கத்தில் அண்ணியும் முழங்காலில் இருந்தார்.

அடுத்த முறை டாக்டர் கட்டிமேல் நீல மருந்தைத் தெளித்தார். விளக்கின் நிறத்தை மாற்றி, அதன் மேல்வரிகளைப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். ஆழம் போயிருந்தால் அந்த வரிகள் சிதைந்திருக்குமாம். சிதையவில்லை.

"மேலாப்புலதாங்க இருக்குது."

குழாய் வழியாகவே எடுத்தார்கள். எடுத்த சதையின் அறிக்கையும் அதையே சொன்னது.

ஊர் திரும்பும் பஸ்ஸில், தொப்பூர் தாண்டியதும் அண்ணி கேட்டார்: "அவருக்கும் இப்படி நேரத்தோட பாத்திருந்தா இருந்திருப்பாரு இல்ல தம்பி?"

 

எனக்கு மட்டும் ஏன் என்று இன்றும் தெரியாது. நன்றி சொல்லப் போனால் அழுகைதான் முந்துகிறது. இரண்டையும் ஆண்டவர் காலடியில் வைக்கிறேன். இனி வருடா வருடம் சோதனைக்குப் போவேன். உங்களில் யாராவது இரத்தத்தைக் கண்டு வெட்கத்தில் மறைத்தால், செபியுங்கள், உடனே கிளம்புங்கள். துணைக்கு நான் வருகிறேன். ஆண்டவரை நம்பச் சொல்ல எனக்கு என்ன தகுதி? தன் புருஷனுக்காகக் கேட்டது கிடைக்காத ஒரு பெண், அதே ஆண்டவரிடம் எனக்காகப் போய்க் கேட்டார். அவரைப் போல நம்புங்கள்.