மஞ்சள்தூளும் சீழும்

இருபத்திரண்டு வருடம் நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் ரூமில் நர்ஸாக இருந்தேன். சர்க்கரைப் புண் வந்த கால்களைக் கழுவி, அழுகிய சதையை வெட்டி எடுத்துக் கட்டுப் போடுவதுதான் வேலை. புழு நெளிகிற காலைக்கூடச் சுத்தம் செய்திருக்கிறேன். முடித்ததும் கையைக் கழுவிவிட்டு, கொண்டுபோன தக்காளி சாதத்தைத் திருப்தியாகச் சாப்பிடுவேன். அருவருப்பு எனக்கு வராது என்றே நினைத்திருந்தேன்.

முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது, கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. கால் புண்களின் படங்கள் கம்ப்யூட்டரில் வரும். புண்ணின் ஓரத்தை மவுஸால் வரைய வேண்டும். சீழ் இருக்கிறதா, செத்த சதை இருக்கிறதா, ஆறி வருகிறதா என்று குறிக்க வேண்டும். நாங்கள் குறித்துக் கொடுப்பதை வைத்து ஒரு ஏஐ புண் பார்க்கக் கற்றுக்கொள்ளுமாம். பிறகு டாக்டர் இல்லாத ஊர்களில் செல்போனில் படம் பிடித்துக் காட்டினால் போதும், அதுவே சொல்லிவிடுமாம். நல்ல காரியம் என்றுதான் சேர்ந்தேன். பாதம் முழுக்கக் கறுத்த பிறகு இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே படம் மூன்று பேருக்குப் போகும். இரண்டு பேர் ஒரே மாதிரி குறித்தால் அதுதான் விடை. மற்றவர்கள் எல்லாரும் பி.காம்., பி.எஸ்சி. முடித்த பெண்கள். முதல் வாரம் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு குறித்தார்கள். படத்தில் என்ன வாடை அடிக்கப்போகிறது என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து டீம் லீடர் என் மேஜைக்கு வந்தாள். தாராபுரத்துப் பெண், இன்ஜினியரிங் படித்தவள். என் மகள் வயதுதான் இருக்கும்.

“ஏனுங்க சிஸ்டர், உங்களுது மட்டும் மத்தவங்களோட ஒத்தே வரமாட்டேங்குதுங்க.”

அவள் திறந்து காட்டிய படத்தில் ஒரு குதிகால். புண்ணின் மேல் மஞ்சள்தூளை அப்பியிருந்தார்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செய்கிற வைத்தியம். மற்ற இருவரும் அதைச் சீழ் என்று குறித்திருந்தார்கள்.

“இது சீழ் இல்ல கண்ணு, மஞ்சத்தூளு.”

“எனக்கும் அப்படித்தானுங்க தெரியுது. ஆனா ரெண்டு பேரு சீழ்னு போட்டுட்டாங்க. இனி அதுதானுங்க விடை.”

“ரெண்டு பேருமே தப்பாப் போட்டா?”

“மூணு பேரும் ஒத்துப்போறாங்களான்னுதானுங்க மேல கேக்கறாங்க. அவங்க எப்படிப் போடுவாங்கன்னு பாத்து நீங்களும் அதையே போட்டுருங்க சிஸ்டர். வேலைக்குப் பிரச்சினை வேண்டாமுங்க.”

போட்டேன். அதை இன்றைக்கும் என்னால் மென்று விழுங்க முடியவில்லை. மஞ்சள்தூள் கண்ட இடமெல்லாம் சீழ் என்று குறித்தேன். தண்ணீர் மாதிரி பழுப்பாகக் கசிந்த நிஜச் சீழை, மற்றவர்களைப் போலவே ஆறி வருகிறது என்று குறித்தேன். மூன்று வாரத்தில், அந்த ஆபீசிலேயே தரமாக வேலை செய்பவள் என்று என் பெயரைச் சுவரில் இருந்த பலகையில் முதலில் எழுதினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அன்று டீயோடு கொடுத்த பன்னைக் கடித்தேன், உள்ளே இறங்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்த் துப்பினேன். புழுவுக்கு வராத குமட்டல் அந்தக் கைதட்டலுக்கு வந்தது.

அதன் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஒரு பெண்ணின் இடது கால். மெட்டியைக் கழற்றிய விரலில் வெளிறிய தடம், சுண்டுவிரல் நகத்தில் ஒரு பிளவு. மத்தியானம் அதே தடமும் அதே பிளவும் வலது காலில் வந்தன. சாயங்காலம் தலைகீழாக வந்தது. ஒரே காலை ஏழு விதமாகத் திருப்பி, ஏழு நோயாளிகள் என்று எண் கொடுத்திருந்தார்கள்.

டீம் லீடரிடம் போய்க் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

“படம் பத்தலைன்னு திருப்பிப் போட்டிருக்காங்க சிஸ்டர். கத்துக்குடுக்கறதுக்கு அப்படிப் போடறது வழக்கந்தானுங்க.”

“பரீட்சை வெச்சுப் பாக்கறதுக்கும் இதே காலா?”

அவள் தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லிக்கொடுத்த கணக்கையே பரீட்சையிலும் கொடுத்தால் எந்தப் பிள்ளைதான் நூறு வாங்காது?

அந்த மாதமே ஆராய்ச்சி நடத்துகிற டாக்டர் வந்தார். எங்களை உட்காரவைத்து, முடிவுகள் பிரமாதம் என்றார். நான் எழுந்து இரண்டையும் சொன்னேன். அவர் மஞ்சள்தூள் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெருங்கிப் பார்த்தார்.

“நீங்க சொல்றது சரிதான் சிஸ்டர்,” என்றார் மெதுவாக. பிறகு, “கட்டுரை பத்திரிகைக்குப் போயாச்சு. கடைசியில ஆய்வோட குறைகள்னு ஒரு பத்தி இருக்கு. திருத்தம் கேக்கறப்போ அதுல ஒரு வரி சேர்த்துடறோம்.”

“அந்த வரியைச் செல்போன் படிக்குமுங்களா சார்?”

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தெரியாமல் செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு சிரிக்கிற அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

என் இடத்துக்குத் திரும்பி, நான் தப்பாகக் குறித்தவற்றைத் திருத்தப் பார்த்தேன். அனுப்பியவற்றை மாற்ற வழியில்லை. அன்றே வேலையை விட்டேன். இறங்கி வருகையில் மாடிப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலியால் மட்டும் அல்ல.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் டீம் லீடர் போன் செய்தாள்.

“சிஸ்டர், எங்கப்பா கால் படம் ஒண்ணு அனுப்பியிருக்கறனுங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

“நீங்க செஞ்ச மெசின்ல போட்டுப் பாக்கலையா அம்மணி?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அதுல எப்படிங்க சிஸ்டர் எங்கப்பாவைப் போடறது?”

கேட்டவுடன் போனை வைத்துவிடத் தோன்றியது. யாருடைய அப்பாவை அதில் போடலாம் என்று கத்தவும் தோன்றியது. படத்தைத் திறந்தேன். இரண்டு விரல்கள் கறுத்து, கறுப்பு மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

“இப்பவே வண்டி புடிச்சுக் கூட்டிட்டு வா. நாளைக்குன்னு வெக்காதே.”

அன்று மாலையே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு விரல்கள் போயின, பாதம் தப்பியது. பார்க்கப் போயிருந்தேன். அவள் அப்பா பெரிய கும்பிடு போட்டார். வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும், புதிதாக ஆயிரக்கணக்கில் படங்கள் வந்திருக்கின்றன என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தேன்.