உம்மா யாருடன் போனார்

மக்காவிலிருந்து வரும் ஸம்ஸம் தண்ணீர் லேசாக உவர்க்கும். ஒரு மிடறுக்கு மேல் கொள்ளாத சின்னக் கோப்பையில் ஊற்றி, ஒரு பேரீச்சம்பழத்தோடு கையில் தருவார்கள். மக்கா இருக்கும் கிப்லாத் திசையை நோக்கி, பிஸ்மி சொல்லிக் குடிக்க வேண்டும். எனக்கு ஆறு வயதாயிருந்த அந்த வருடம், ஹாஜிமார் திரும்பி வந்த வீடுகளில் எல்லாம் அத்தர் வாசமும் புதுத் தொழுகை விரிப்புகளின் பிளாஸ்டிக் உறை வாசமும் கலந்து கிடந்தன. மற்றப் பிள்ளைகள் பேரீச்சம்பழத்துக்குப் போனார்கள். நான் என் உம்மாவைப் பற்றி விசாரிக்கப் போனேன்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் எங்கள் கல்முனைக்குடித் தெருவுக்குள் வந்து போயிருந்தது. வாப்பாவும் நானும் மூன்று வயதுத் தம்பியும் முதல்நாளே சம்மாந்துறையில் சாச்சி வீட்டுக்கு, அதாவது உம்மாவின் தங்கை வீட்டுக்கு, வந்துவிட்டோம். உம்மா மறுநாள் பகல் பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. அவர் வரவில்லை. மூன்றாம் நாள் உம்மாவின் மையித்தைக் கண்டெடுத்து அடக்கிவிட்டு வாப்பா திரும்பி வந்ததுகூட எனக்குத் தெரியாது. உம்மா எங்கே என்று நான் கேட்டுக் கேட்டு அழுத ஒரு பொழுதில், சாச்சி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"உம்மா ஹஜ்ஜுக்குப் போயிரிக்கா மகள். வருவா."

ஊரில் பலர் மக்கா பயணம் புறப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் "ஓம்" என்றார். அத்தோடு அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. "புள்ள பச்ச மண், அதுக்கு என்னத்த விளங்கப் போகுது" என்று பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்று எங்களை மிரட்டிய வாய்களும் அவைதான்.

எனக்கு உண்மையில் ஒன்றும் விளங்கத்தான் இல்லை. பெரியவர்கள் சொன்னதை வாங்கி அப்படியே மனதில் வைத்துக்கொள்ளும் வயது அது. வைத்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தெரியாது. வழியனுப்ப யாரும் வரவில்லையே, பயணப் பெட்டி கட்டவில்லையே என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. மக்கா என்பது கல்முனைச் சந்தை போல ஓரிடம், போனவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் கண்டே ஆகவேண்டும் என்பதுதான் என் கணக்கு. ஆகவே சாச்சியின் அடுத்த வீட்டு மாமி ஹஜ்ஜியானியாகத் திரும்பி வந்தபோது, கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய மடியருகே நின்று கேட்டேன்.

"எங்கட உம்மாவக் கண்டீங்களா மாமி?"

அந்த மாமி என் தலைக்கு மேலால் சாச்சியைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தடவி, "ஓம் மகள், கண்ட நான். நல்லாரிக்கா" என்றார். ஹஜ்ஜை முடித்து வருகிறவர் அன்று பிறந்த பாலகனைப் போலப் பாவம் கழுவப்பட்டு வருகிறார் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த மனுஷி ஊர் வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, எனக்காகப் பொய் சொன்னார். பின்னாளில் இதை நினைக்கும்போதெல்லாம், அல்லாஹ் அதைக் குற்றமாக எழுதியிருக்கக் கூடாது என்று துஆக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் நான் குர்ஆன் ஓதப் போய்வந்தேன். ஒருநாள் ஓதிக்கொடுக்கும் ஆசிரியை, இஸ்லாத்தின் கடமை ஐந்தையும் ஒப்புவிக்கச் சொல்லிவிட்டு, பெரிய பிள்ளைகளைப் பார்த்து, "பொம்புளையள் தனிய ஹஜ்ஜுக்குப் போகேலாது. புருஷன், வாப்பா, கூடப்பொறந்த ஆம்புள, மகன், இப்பிடி ஒரு மஹ்ரம் கூடப் போகணும்" என்றார். எனக்கு அவர் சொல்லவில்லை. நான் பின்வரிசையில் இருந்து விரல்களை மடக்கினேன். புருஷன்: வாப்பா காலையில்தான் என்னை சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். உம்மாவின் வாப்பா நான் பிறக்கமுன்னரே மௌத்தானவர். கூடப்பிறந்த ஆண் கிடையாது. மகன் என்றால் தம்பி. அவன் அன்று விடியவும் பாயை நனைத்துவிட்டு அடி வாங்கியிருந்தான். விரல்கள் முடிந்துவிட்டன.

பிள்ளை எப்போது சிந்திக்கத் தொடங்குகிறது என்று கேட்டால், என்னளவில் அந்தப் பொழுதைத்தான் காட்டுவேன். தனித்தனியாகக் கிடந்த இரண்டு சங்கதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். யாரும் சொல்லித்தராத மூன்றாவது ஒன்று தானாக எழுந்து நின்றது. அது எனக்குப் பெருமையாக இருக்கவில்லை, பயமாக இருந்தது. ஏனென்றால் ஒருமுறை விளங்கியதை விளங்காததாக ஆக்கிக்கொள்ள வழி இல்லை.

வாப்பா கூட்டிப்போக வந்தார். வழியெல்லாம் கேட்டுவிடத்தான் இருந்தேன். வீட்டு வாசலில் அவர் என் தலைத்துணியைச் சரிசெய்து, "என்ன மகள், இண்டைக்கு கதைய காணல்ல" என்று சிரித்தபோது இன்னொன்று விளங்கியது: எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது. அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மனுஷன் காலையில் எழும்பிச் சோறாக்கி எங்களைக் குளிப்பாட்டுகிறார் என்றும் எப்படியோ தெரிந்தது. நான் "ஒண்டுமில்ல" என்றேன். ஓவென்று அழவேண்டிய பிள்ளை அழவில்லை. அந்த வாரமே தம்பி உம்மாவைக் கேட்டு அழுதான். "உம்மா மக்காவுக்குப் போயிரிக்கா" என்று நானே சொன்னேன். ஏழு வயதில் பெரியவர்களின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அந்தப் பொய்யை யாரும் வாபஸ் வாங்கவில்லை. வருடங்கள் போகப் போக அது தேய்ந்து, பேசப்படாத ஒன்றாகியது. வெள்ளி இரவுகளில் வாப்பா, மௌத்தானவர்களுக்காக ஓதும் யாசீனை ஓதுவார், நான் பக்கத்தில் இருப்பேன். யாருக்காக என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் வாப்பாவும் மௌத்தானார். எனக்குத் தெரியும் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போயிற்று.

இப்போது நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் பழைய தெரு இல்லை. அத்திவாரக் கற்களும் மணலில் புதைந்து, பையன்கள் அதன்மேல் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். சென்ற மாதம் என் ஆறு வயது மகளை அங்கே கூட்டிப்போனேன். இதில்தான் எங்கட வீடு இருந்தது என்று காட்டினேன்.

"உங்கட உம்மா எங்க?" என்று கேட்டாள்.

"மௌத்தாயிட்டா மகள். கடல் வந்த அண்டைக்கு."

அவள் கடலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க அழுதீங்களா?"

"இல்ல. நான் அழுதா, எனக்குத் தெரியுமெண்டு எங்கட வாப்பாக்கு, உன்ட மூத்தவாப்பாக்கு, விளங்கிரும். அவரு பாவம்."

மகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இப்ப மூத்தவாப்பா இல்லத்தானே, உம்மா" என்றாள்.