பத்திரிகையின் அடிவரி

மண்ணெண்ணெய் வாடையும் மூடுபனியின் ஈரமும் கலந்த ஒரு மணம் அந்தப் பத்திரிகைக்கு. வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் இறக்கும் கட்டிலிருந்து ஒன்றை, அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் நானா எங்களுக்கென்று எடுத்துவைப்பார். வேலை விட்டதும் அப்பா அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மலையேறி வருவார். தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒற்றை அறைகளான எல்லாக் காம்பராக்காரர்களும் வாசலில் குந்தியிருக்க, முதல் பக்கத்து மழைச் செய்தியிலிருந்து சவர்க்கார விளம்பரம் வரை ஒன்றையும் விடமாட்டார். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியை மட்டும், "அச்சுப் போட்டவன் பேரு நமக்கெதுக்கு?" என்று மடித்துவிடுவார். அந்த அலட்சியத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒருநாள் துருக்கி தேசத்துச் செய்தி ஒன்று வந்தது. அங்கே ஒரு தினசரியைப் பஞ்சாலை முதலாளி ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டாராம்; அதன்பின் ஆலைத் தொழிலாளரைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட வருவதில்லையாம். லயமே சிரித்தது. "பாவம், துருக்கிக்காரங்க. நம்ம பேப்பரு அப்புடியாங்க?" என்றாள் அம்மா. அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் சாமியைவிட அந்தப் பத்திரிகையைத்தான் நம்பினாள்.

அந்த மழைக்காலத்தில், நாங்கள் தண்ணீர் பிடிக்கும் "பீலி"யில் மேல் லயத்துக் கக்கூஸ் கழிவு கலந்தது. வயிற்றோட்டத்தில் மூன்று பிள்ளைகள் செத்தார்கள். மூன்றாவது, இரண்டு வயதுகூட நிரம்பாத என் தங்கை. தோட்டத்து மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா, "கொதிக்க வச்சுக் குடிங்க" என்றதோடு சரி. அப்பா பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பெயரில்லாத கடிதம் பிரசுரமாகாது என்று அதிலேயே போட்டிருந்தது. தோட்டத்து ஆபீசில், தொழிலாளர் பதிவேடான செக்ரோலின் நம்பர் இல்லாத மனுவை யாரும் தொடமாட்டார்கள் என்பதால், பத்திரிகைக்கும் அப்படித்தான் வேண்டுமென்று நினைத்து, பதினொரு பேரின் பெயரோடு நம்பரையும் எழுதிக் கைநாட்டும் வாங்கினார். முதல் கைநாட்டு அம்மாவுடையது.

எட்டு நாள் அப்பா கடிதப் பக்கத்தையே தேடினார். ஒன்பதாம் நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் "பெரட்டு"க் களத்தில், கண்டாக்கையா அதே கடிதத்தை அப்பாவின் கையில் கொடுத்தார்.

"நீதானே இவங்களுக்கு வாசிச்சுக் காட்டுறவன்? இதையும் வாசி. பேரு வந்த ஆளு தனியாப் போய் நிக்கணும்."

அப்பா வாசித்தார். தங்கை செத்த வரி வந்தபோது, அங்கே நின்ற தோட்ட நிர்வாகியான துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் பெயரில் அப்பாவின் குரல் நின்றுவிட்டது.

"நீங்க வாசிக்க வேணாம், நானே போயிர்றேன்" என்று அம்மா நகர்ந்தாள்.

"நம்பரோட வாசிடா" என்றார் கண்டாக்கையா.

அப்பா நம்பரோடு வாசித்தார். பதினொரு பேருக்கும் அன்றே வேலையிலிருந்து நீக்கும் "பத்துச்சீட்டு" கிழிக்கப்பட்டது. வேலையோடு காம்பராவும் போனது. பிரஜாவுரிமையும் இல்லாத எங்களை வேறு எந்தத் தோட்டமும் சேர்த்துக்கொள்ளவில்லை.

மூட்டைகளோடு ஸ்டேஷனுக்கு வந்தபோது, நானா அன்றைய பத்திரிகையின் அடிவரியில் விரலை வைத்தார். "பேப்பரு கைமாறி ரெண்டு மாசமாச்சே, பாக்கலியா நீங்க?" அங்கே இருந்தது எங்கள் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான கொழும்பு முதலாளியின் பெயர். கைநாட்டு வைத்தவர்களில் ஒருவர் அப்பாவின் முகத்தில் காறித் துப்பினார். அப்பா துடைத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் வலப்பனையில் மூட்டை தூக்கிப் பிழைத்த அப்பா, சாகும்வரை எதையும் வாய்விட்டு வாசிக்கவில்லை. அந்தப் பத்திரிகை நின்று வெகுகாலமாகிறது, லயத்தையும் இடித்துவிட்டார்கள். எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் நான் கடைசிப் பக்கத்து அடிவரியிலிருந்துதான் தொடங்குகிறேன். அதற்கு இப்போது பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. என் தங்கை செத்த செய்தி எந்தத் தாளிலும் வரவில்லை. அதை முதன்முதலில் அச்சில் பார்ப்பவர் நீங்கள்தான்.