பொத்தானுக்குத் தைத்த சட்டை

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் நாளைக்கு அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது; அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூட முழிப்பார். தைக்கக் கொடுத்த துணியை வாங்க வருகிறவர்களிடம் அவள் சொல்வது அந்த ஒரே வார்த்தைதான். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு கனிவு வரும் பாருங்கள், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பி வந்தவள்கூட, "சரிக்கா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாள். தையலில் குறை சொல்ல முடியாது. கைக்கு வந்து சேர்ந்தால் உடம்போடு பிறந்ததுபோல் இருக்கும். வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

நாய்க்குட்டிக்குப் பெயர் பொத்தான். வீட்டுக்கு வந்த அன்றே தையல் மிஷினுக்கடியில் கிடந்த பொத்தானை விழுங்கிவிட்டு, மறுநாள் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்ததால் வந்த பெயர். எட்டு மாதம் ஆனதும் ஐயாவுக்கு வாலிபம் வந்துவிட்டது. மாடிப்படியின் ஒரு மூலை பாக்கியில்லாமல் காலைத் தூக்கினான். தெருவில் எவள் போனாலும் கேட்டில் நின்று ஊளையிட்டான். கடைசியில், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் புதுச் செருப்பையும் நனைத்து வைத்தான்.

வீட்டுக்காரம்மா பெட்டியும் கையுமாகப் படியிறங்கி வந்தார்.

"இந்தா பாரு, நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். ஒரு வாரத்துல வந்துருவேன். வர்றதுக்குள்ள இவனுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன முடிச்சு வை. இல்லன்னா வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டுரு. நாளைக்கு, நாளன்னைக்கு கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்."

அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. பெண் வீட்டில் போட்டுக்கொள்ளத்தான் மூன்று மாதத்துக்கு முன்பே நைட்டித் துணி எடுத்துக் கொடுத்திருந்தார். அது பிரிக்காத கட்டாக அக்காவின் அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது. பாவம், பழைய நைட்டியோடுதான் ஊருக்குப் போனார்.

"நாய்தானே, போனாப் போகுது" என்று அக்கா கணவரிடம் வீறாப்பாகச் சொன்னாள். ஆனால் அன்றைக்கு முழுவதும் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அவள் வலது காலால் மிஷினை மிதிக்கும்போது பொத்தான் இடது பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருப்பான். அந்தச் சூடு இல்லாமல் இனி எப்படித் தைப்பது என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுதாளே தவிர, உடனே டாக்டரிடம் ஓடினாளா? இல்லை. முதல் நாள் தலைவலி. அடுத்த நாள் மழை வரும்போல் இருந்தது. பிறகு ஒருநாள் கிளம்பியே விட்டாள், ஆனால் குட்டி நன்றாகத் தூங்கினான், எழுப்ப மனசு வரவில்லை. ஒரு வழியாகப் போனபோது டாக்டரிடம் காலியாக இருந்தது ஒரே ஒரு நாள்தான். வீட்டுக்காரம்மா ஊரிலிருந்து திரும்பும் அதே நாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். முந்தின நாளே குளிப்பாட்டிவிடுங்கள், காயம் ஆறும்வரை தண்ணீர் படக்கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் குதிக்க விடக்கூடாது, தையலை நக்க விடவே கூடாது, நக்கினால் பிரிந்துவிடும். உடன் வந்திருந்த கணவர், ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டையுமே எடுத்துருவீங்களா டாக்டர்?" என்று மூன்று தடவை கேட்டார்.

நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை டாக்டர் எடுத்துக் காட்டினார். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க வீட்டுப் பிள்ள தலையில பக்கெட்டக் கவுக்கிறதா? நான் தையல்காரி டாக்டர்."

"சட்டையும் போடலாம்மா. ஆனா அளவு சரியா இருக்கணும்."

"அளவப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க?"

வீட்டுக்கு வந்ததும் அளவெடுத்தாள். கணவர் முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கிக்கொள்ள, பொத்தான் பின்னங்காலில் நின்று அவர் மூக்கை நக்கினான். "ஆடாம நேரா நில்லுடா" என்று அதட்டி, கழுத்து, மார்பு, இடுப்பு, உயரம் எல்லாவற்றையும் டேப்பால் அளந்தாள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

துணிதான் சரியாக அமையவில்லை. ஒன்று மொரமொரப்பு, ஒன்று அரிக்கும், இன்னொன்றில் ஜிகினா. வெண்ணெய்போல இருந்தது ஒன்றே ஒன்றுதான், நீலப்பூ போட்ட அந்த நைட்டித் துணி. ஓரமாகக் கொஞ்சம் எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கத்தரிக்கோல் என்னவோ நட்ட நடுவில் போய் இறங்கியது. இனி அதில் தலையணை உறை வேண்டுமானால் தைக்கலாம். அன்று சாயங்காலமே சட்டை முடிந்துவிட்டது. கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மறுநாள் ஆபரேஷன். தரையில் ஓர் ஊசிகூட இல்லாதபடி அக்கா காந்தத்தால் கூட்டினாள். பொத்தானுக்குப் பசி. அவன் முன்னால் சாப்பிடப் பயந்து கணவர் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு பன் தின்றார். பொத்தான் கதவடியில் மூக்கை நுழைத்து, அவர் வெளியே வரும்வரை முனகினான்.

ஆஸ்பத்திரியில் குட்டியை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். அக்கா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து போய்க் கேட்டாள். "இன்னும் கொஞ்ச நேரந்தான், ஆயிட்டே இருக்கு" என்றாள் மேசையில் இருந்த பெண், மிகவும் கனிவாக.  அக்காவின் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தால், துணியை இன்னும் வெட்டவே இல்லை என்று அர்த்தம்.

நல்லவேளை, அங்கே இருந்தவர்கள் சொன்னால் சொன்னபடி செய்கிறவர்கள். மதியம் குட்டி வெளியே வந்தான். நாக்கு ஒருபக்கம், பார்வை ஒருபக்கம். வீட்டுக்குத் தூக்கிவந்து நீலப்பூச் சட்டையைப் போட்டுவிட்டுப் படுக்கவைத்தபோது கச்சிதமாக இருந்தது. கணவர் அரைமனதாக ஒரு ஃபிரிட்ஜைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

மயக்கம் தெளிந்து பொத்தான் நான்கு காலில் எழுந்து நின்றான். சட்டை முதுகில் இழுத்துப் பிடித்தது, வயிற்றில் பைபோலத் தொங்கியது. இத்தனை வருஷமும் நிமிர்ந்து நிற்கிறவர்களுக்கே தைத்த கை அல்லவா? பொத்தான் உடம்பை வளைத்து அந்தப் பைக்குள் தலையைவிட்டு, நேராகத் தையலில் நாக்கை வைத்தான்.

அக்கா பாய்ந்து தலையைப் பிடித்தாள். கூம்பை வேண்டாம் என்று சொன்ன வாயை நான்கு அறை அறையலாம்போல் இருந்தது. ஆஸ்பத்திரி இனிச் சாயங்காலம்தான் திறக்கும். சட்டையைப் பிரித்துத் தைக்கலாம், ஆனால் கையை எடுத்தால் நக்குகிறான். கையை எடுக்காமல் எப்படித் தைப்பது? அவன் திமிறத் திமிற அவள் பிடியை இறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பெட்டி வைக்கிற சத்தம். வீட்டுக்காரம்மா.

"ஆபரேஷன் ஆச்சா, இல்ல..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது என் நைட்டித் துணிதானே?"

அக்காவிடம் சாக்குக்கா பஞ்சம்? மிஷின் பெல்ட் அறுந்த கதை, மச்சினி வீட்டுக் கதை, எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நிற்கும். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"ஆமாம்மா. உங்களுதுதான். வெட்டிட்டேன். இது ஒண்ணுதான் மெத்துன்னு இருந்துச்சு, அவனுக்கு உறுத்தாதுன்னு... அப்படியும் அளவு தப்பாப் போச்சும்மா. தையல நக்குறான். பிரிஞ்சிருமோன்னு பயமா இருக்கு."

வீட்டுக்காரம்மா நைட்டித் துணியைப் பார்த்தார், அக்காவின் அழுத முகத்தைப் பார்த்தார். பொத்தானும் அவரைப் பார்த்து, இருந்த தெம்புக்கு வாலை ஒருமுறை ஆட்டினான்.

"மூணு மாசமா எனக்குத் தச்சுக் குடுக்கத் தெரியல, ஒரே நாள்ல நாய்க்குத் தச்சிருக்கா பாரு" என்று திட்டிக்கொண்டே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இங்க குடு. நான் புடிச்சிக்கிறேன். நீ போய் ஒழுங்காத் தச்சுட்டு வா."

அக்கா முதுகைப் பிரித்து ஒட்டுப் போட்டாள், வயிற்றுப் பக்கத்தைப் பிடித்துத் தைத்தாள். போட்டுப் பார்த்தபோது இந்த முறை நான்கு காலில் நிற்கும்போதும் பொருந்தியது. பொத்தான் திரும்பித் திரும்பி முயன்று பார்த்துவிட்டு, அலுத்துப்போய் வீட்டுக்காரம்மாவின் மடியிலேயே தலையைச் சாய்த்தான். சற்று நேரத்தில் குறட்டை வந்தது.

"குடுங்கம்மா, நான் பாத்துக்கிறேன். நீங்க களைச்சு வந்திருக்கீங்க" என்றாள் அக்கா.

"சும்மா இரு. எழுந்துக்கப் போறான்."

மாடியிலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது, வந்தவள் இன்னும் மேலே வராமல் என்ன செய்கிறாள், பசிக்கிறதே என்று.

வீட்டுக்காரம்மா தலையை மட்டும் திருப்பி, குட்டி விழிக்காத அளவுக்குக் குரலை அடக்கிச் சொன்னார்.

"நீங்களே போட்டுச் சாப்பிடுங்க. என்னால இப்ப வர முடியாது, நம்ம பையன் தூங்குறான்."